ஜெர்மன் நாவலாசிரியர் ராயபுரம் வந்தா, எங்கே உட்கார வைப்போம்?

ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு டம்ளர் தண்ணீர். ஜெர்மனியில் எழுத்தாளர் வாசிப்புக்கு இவ்வளவுதான் தேவை. அதுகூட வடசென்னையில் ஏன் கிடைப்பதில்லை?

உங்க மொபைல்ல மேப்ஸைத் திறங்க. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு ஒவ்வொரு ஏரியாவா போட்டு, 'புத்தகக் கடை'ன்னு தேடுங்க. கைடு, நோட்டு, ஜெராக்ஸ், லேமினேஷன்... பெரும்பாலும் இதுதான் வரும். இப்போ ஏரியாவை மட்டும் மாத்துங்க. கே.கே.நகர்னு போட்டா டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர்னா பனுவல், எழும்பூர்னா நீலம் புக்ஸ், அண்ணா சாலைன்னா 1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ். புத்தக வெளியீடு, விமர்சனக் கூட்டம், எழுத்தாளர் சந்திப்புன்னு இன்ஸ்டாகிராமில் உங்க கண்ணில் படுற போஸ்டர்களில் இருக்கும் முகவரிகளையும் ஒருமுறை கவனிச்சுப் பாருங்க. எழும்பூரைத் தாண்டி வடக்கே வர்ற முகவரி அபூர்வம்.

சரி, இப்போ ஒரு கற்பனை. ஜெர்மன் மொழியில் எழுதும் ஒரு நாவலாசிரியர் சென்னைக்கு வர்றார். "எனக்கு ஆடிட்டோரியம் வேண்டாம், துறைமுகம் பக்கத்தில் ஒரு சின்ன புத்தகக் கடையில் வாசிக்கிறேன்" என்கிறார். நம்ம ஏரியாவில் அவரை எங்கே உட்கார வைப்போம்?

கேட்க விளையாட்டா இருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்குள்ள வேலை, விசா, வரிப்பணம், காத்துல கலந்த அமோனியா எல்லாமே இருக்கு.

மேடை இல்லை, மாலை இல்லை, பொன்னாடை இல்லை

நம்ம ஊர் இலக்கியக் கூட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆறு பேர் பேசி முடிச்ச பிறகு கடைசி பத்து நிமிஷம் எழுத்தாளருக்கு 'ஏற்புரை'. அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம்கூட யாரும் வாசிச்சிருக்க மாட்டாங்க.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் இதுக்கு 'லேசுங்'னு பேர். வாசிப்புன்னு அர்த்தம். கடை சாத்துற நேரத்தில் புத்தக அடுக்குகளை ஓரமா தள்ளி, முப்பது நாற்பது நாற்காலி போடுவாங்க. எழுத்தாளர் வந்து உட்கார்ந்து, தன் நாவலிலிருந்து சத்தமா வாசிப்பார். கேட்கிறவங்க அமைதியா கேட்பாங்க. அப்புறம் கேள்வி, கையெழுத்து, வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் இருப்பதால், இதைக் கிண்டலா 'தண்ணி டம்ளர் வாசிப்பு'ன்னே அவங்க சொல்றதுண்டு.

இரண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒன்று, உள்ளே போக டிக்கெட் உண்டு. சினிமா மாதிரி காசு கொடுத்துக் கேட்கிறாங்க. இரண்டு, எழுத்தாளருக்குச் சம்பளம் உண்டு. ஒரு வாசிப்புக்குக் குறைந்தது எவ்வளவு தரணும்னு அங்கிருக்கும் எழுத்தாளர் சங்கமே பரிந்துரை வெச்சிருக்கு. பொன்னாடையை வெச்சு வாடகை கட்ட முடியாதுங்கிறது அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரத்தில் இதை ஒரு போட்டியாவே நடத்துறாங்க. இங்கபோர்க் பாஹ்மன் என்ற எழுத்தாளர் பெயரில் பரிசு. எழுத்தாளர் மேடையில் அமர்ந்து அரைமணி நேரம் போல வாசிக்கணும். முடிச்சதும் நடுவர்கள் அவர் கண்ணெதிரிலேயே அந்த எழுத்தைப் பிரிச்சு மேய்வாங்க. எல்லாமே டிவியில் நேரலை. சூப்பர் சிங்கர் மாதிரி, ஆனா பாட்டுக்குப் பதிலா உரைநடை. இது தொடங்கியது 1977-ல். நம்ம சென்னைப் புத்தகக் காட்சி முதன்முதலா அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் நடந்ததும் அதே 1977-ல்தான். அவங்க எழுத்தாளரை வாசிக்க வெச்சாங்க. நாம ஸ்டால் போட்டு வித்தோம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜெர்மன் நாவலாசிரியர்

'ஜெர்மன் நாவலாசிரியர்'னு சொன்னதும் உங்க மனசுல ஒரு வெள்ளைக்கார முகம் வந்திருக்கும். செந்தூரன் வரதராஜா பற்றிக் கேள்விப்பட்டிருக்கீங்களா?

1984-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். போர் விரட்டியதில், சிறு குழந்தையா குடும்பத்தோடு ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். அங்கேயே வளர்ந்து, தத்துவமும் இறையியலும் படிச்சார். 2014-ல் அதே கிளாகன்ஃபுர்ட் மேடையில் வாசிச்சு, பரிசுகளில் ஒன்றான 3சாட் பரிசை வாங்கினார். 2016-ல் அவரோட முதல் நாவல், ஜெர்மனியின் பெரிய பதிப்பகங்களில் ஒன்றான எஸ். ஃபிஷர் வெளியீடாக வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னா 'குறிகள் பெருகுவதற்கு முன்' என்று வரும்.

அந்த நாவல் முழுக்க ஃபேஸ்புக் மெசேஜ். நிஜமாத்தான். ஒருபக்கம் செந்தில், ஈழத்திலிருந்து குழந்தையா வந்த தமிழ் இளைஞன். இன்னொரு பக்கம் வால்மிரா, கொசோவோவிலிருந்து வந்த பெண். இரண்டு பேரும் நேரில் சந்திப்பதே இல்லை. எழுதிக்கொண்டே இருக்காங்க. தப்பி வந்தது, அகதி முகாம், புது மொழி நாக்கில் ஏறிய கதை, பழைய மொழி நழுவிய கதை எல்லாம் இன்பாக்ஸ் வழியாவே நமக்கு வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கோ நீளமா டைப் பண்ணிட்டு, அனுப்பலாமா வேண்டாமான்னு யோசிச்ச அனுபவம் உள்ள எவருக்கும் இந்த வடிவம் அந்நியமா தெரியாது.

வேற மொழிப் பின்னணியிலிருந்து வந்து ஜெர்மனில் எழுதுறவங்களுக்குன்னே 1985 முதல் 2017 வரை ஷமிஸ்ஸோ பரிசுன்னு ஒன்று இருந்தது. அது கொடுக்கப்பட்ட கடைசி வருடத்தில் அதன் ஊக்கப் பரிசு செந்தூரனுக்குக் கிடைச்சது. ஆக, ஜெர்மன் இலக்கியத்துக்குள்ள ஏற்கெனவே ஒரு தமிழ்க் குரல் இருக்கு. இங்கே நம்மில் எத்தனை பேருக்கு அது கேட்டிருக்கு?

பி1 சர்டிஃபிகேட்டுக்கு அப்புறம் என்ன?

"நாவல் எல்லாம் இருக்கட்டும் பாஸ், எனக்கு வேலை வேணும்" என்கிறீங்களா? நியாயம். அங்கேயே வருவோம்.

இப்போ தமிழ்நாட்டில் ஜெர்மன் படிக்கிற கூட்டம் கூடிக்கிட்டே போகுது. நர்சிங் முடிச்சவங்க, மெக்கானிக்கல் முடிச்சவங்க, மேற்படிப்புக்குப் போகணும்னு நினைக்கிறவங்க. 2024 அக்டோபரில், திறன் பெற்ற இந்தியப் பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை வருடத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதா ஜெர்மனி அறிவிச்சது. நர்ஸ் வேலைக்குப் பொதுவா பி2 நிலை வரை கேட்கிறாங்க. அதனால ஏ1, ஏ2, பி1, பி2ன்னு படி ஏறிக்கிட்டே இருக்காங்க நம்ம பசங்க.

இந்தப் படிகளில் கற்றுத் தருவது என்ன? டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குவது, வாடகை வீட்டுக்கு மெயில் எழுதுவது, ரயில் தாமதம் பற்றிப் புகார் சொல்வது. எல்லாமே தேவைதான். ஆனா அந்த மொழிக்குள்ள ஒரு வெளியூர்க்காரர் வாழும்போது என்ன நடக்கும்? உங்க பேரைத் தப்பா கூப்பிடும்போது, முதல் பனிக்காலத்தில் பேச ஆள் இல்லாம இருக்கும்போது, அம்மாகிட்ட போனில் பேசுறப்போ ஒரு தமிழ் வார்த்தை வாய்க்கு வராம நிக்கும்போது? இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. செந்தூரன் மாதிரியானவங்க எழுத்து சொல்லும்.

எண்ணூர்லேர்ந்து ஒரு நர்சிங் மாணவி, தான் போகப்போற நாட்டோட எழுத்தாளரை இங்கேயே நேரில் பார்த்து, "அங்கே எங்களை எப்படிப் பார்ப்பாங்க?"ன்னு அரைகுறை ஜெர்மனில் கேட்க முடிஞ்சா, அந்த ஒரு மணி நேரம் எத்தனை மாக் டெஸ்ட்டுக்குச் சமம்? நம்ம ஊருக்கு இந்த வாசிப்பு தேவைன்னு சொல்றதுக்கு இதுதான் முதல் காரணம்.

எம்டன் வந்தான், அச்சகம் வந்தது

வடசென்னைக்கும் ஜெர்மனிக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகப் பக்கம் வந்து குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிஞ்சது. பயந்து ஊரையே காலி பண்ணிட்டுப் போனவங்க உண்டு. 'அவன் பெரிய எம்டன்'னு நாம இன்னிக்கும் சொல்றது அந்த ராத்திரியின் மிச்சம்.

ஆனா குண்டுக்கு முன்னாடியே எழுத்து வந்துடுச்சு. யோஹான் ஃபிலிப் ஃபப்ரிசியுஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் வேப்பேரியில் இருந்தார். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடிச்சப்போ அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் அவர் கைக்கு வந்தது. 1779-ல் அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி அந்த வேப்பேரியிலேயே அச்சாச்சு. கார்ல் கிரவுல் என்ற இன்னொரு ஜெர்மானியர் தமிழ் படிச்சு, திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856-ல் லைப்சிக் நகரில் வெளியிட்டார். அந்த 1856-ல்தான் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது.

இதைவிட முக்கியமான விஷயம், சத்தமா வாசிப்பது வடசென்னைக்குப் புதுசே இல்லை. ராயபுரத்துக்கு அடுத்தாப்ல இருக்கிற கொண்டித்தோப்பில், வெங்கட்டராமய்யர் தெருவில் இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் நிறுவனத்தின் திருமகள் விலாச அச்சகம் இருந்தது. 'பெரிய எழுத்து' புத்தகங்கள்னு உங்க தாத்தா பாட்டி சொல்லியிருப்பாங்களே, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை... அந்த மாதிரிப் புத்தகங்கள் அங்கிருந்துதான் தமிழ்நாடு முழுக்கப் போச்சு. எழுத்து ஏன் பெருசு? தெருவிளக்கு வெளிச்சத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் உட்கார்ந்து வாசிக்க, சுத்தி இருக்கிற படிக்காத ஜனங்க கேட்கணும். கொலை, ரயில் விபத்து, வெள்ளம்னு சூடான செய்திகளைப் பாட்டாக்கி, காலணா அரையணாவுக்கு வித்த குஜிலிப் பாட்டுகளும் இந்தச் சுற்றுவட்டாரச் சரக்குதான்.

அதனால லேசுங்கை இங்கே கொண்டு வர்றதுன்னா, நாம மறந்துபோன பழக்கத்தை வேற பேர்ல திரும்ப வாங்கிக்கிறோம், அவ்வளவுதான்.

கடை ஏன் நிக்க மாட்டேங்குது?

சும்மா ஆசைப்பட்டா போதாது, கணக்கையும் பார்ப்போம்.

ஜெர்மனியில் புத்தக விலைக்குச் சட்டமே இருக்கு. பதிப்பகம் அச்சிட்ட விலைக்குத்தான் புதுப் புத்தகத்தை எல்லோரும் விற்கணும். அமேசானா இருந்தாலும், தெருமுனைக் கடையா இருந்தாலும் ஒரே விலை. 2002 முதல் இது தனிச் சட்டமா நடைமுறையில் இருக்கு. அதனால ஆன்லைன் தள்ளுபடி வந்து சின்னக் கடையைச் சாப்பிட முடியாது. கூடவே, நல்லா நடத்துற தனியார் புத்தகக் கடைகளுக்கு 2015 முதல் அரசே பரிசு கொடுக்குது. 25,000 யூரோ வரை. வாசிப்புக் கூட்டம் நடத்துற கடைகளுக்கு அதில் தனி மதிப்பு. அதாவது லேசுங் என்பது யாரோ ஒரு புத்தகப் பிரியரோட தியாகத்தில் நடக்கலை. சட்டம், டிக்கெட், பரிசுப் பணம்னு மூணு கால் அதுக்கு இருக்கு.

இப்போ நம்ம பக்கம். திருவொற்றியூரில் ஒருத்தர் நாவல், கவிதை மட்டும் விற்கிற கடை திறக்கிறார்னு வைப்போம். 300 ரூபாய் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்குக் கழிவு கிடைச்சா, கையில் 100 ரூபாய். புத்தகக் காட்சியில் தர்ற 10 சதவிகிதத் தள்ளுபடியை இவர்கிட்டயும் கேட்போம். 30 போச்சு, மிச்சம் 70. ஒரு வாசிப்புக் கூட்டத்துக்கு வந்த நாற்பது பேரில் இருபது பேர் புத்தகம் வாங்கினாலும் மொத்தம் 1,400 ரூபாய். நாற்காலி வாடகை, மைக் செட், டீ, கரன்ட் பில் எல்லாம் இதிலிருந்துதான். எழுத்தாளருக்கு ஆட்டோ காசு கொடுக்கக்கூட மிஞ்சாது. அப்புறம் கடை எப்படி நிக்கும்? அதனாலதான் எல்லோரும் கைடும் ஜெராக்ஸும் பக்கம் போறாங்க. அவங்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அப்போ அரசு? தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துடுச்சு. உங்க வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க. அதோட சேர்த்து நூலக வரியும் இருக்கும். ராயபுரம்காரரும் கட்டுறார், பெசன்ட் நகர்காரரும் கட்டுறார். பெரிய நூலகங்கள் எங்கே? கன்னிமாரா எழும்பூரில், அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில்.

சமீபத்தில் கொஞ்சம் மாற்றம் தெரியுது, அதையும் சொல்லணும். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023-ல் 1,000 கோடி ரூபாய் அறிவிப்போடு தொடங்கியது. 2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்தாங்க. ஏசி, வைஃபை, உட்கார்ந்து படிக்க இடம். வீட்டில் படிக்க ஒரு மூலைகூட இல்லாத பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவின்னு, ஒரே ரூம் வீட்டில் வளர்ந்தவங்களுக்குத் தெரியும். ஆனா படைப்பகம்னு பேர் வெச்ச இடத்தில் பெரும்பாலும் நடப்பது போட்டித் தேர்வுக்கான படிப்பு. டிஎன்பிஎஸ்சிக்கு இடம் கிடைச்சிடுச்சு. பரீட்சையில் வராத புத்தகத்துக்கு வாரத்தில் ஒரு சாயங்காலமாவது அங்கே இடம் தரலாம்தானே?

"அமோனியா கசியுற ஊர்ல நாவலா?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிஞ்சது. மீனவர்கள் கையால் அள்ளி அள்ளி எடுத்தாங்க. அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயில் அமோனியா கசிஞ்சு, ஜனங்க தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறி ஓடினாங்க. இப்படிப்பட்ட இடத்தில் இலக்கியம் பேசுறது ஆடம்பரம் இல்லையா?

பதிலுக்கு ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தைப் பாருங்க. நிலக்கரி, இரும்பு, புகை. அந்த நாட்டோட எண்ணூர் மாதிரின்னு வெச்சுக்கலாம். 1961-ல் அங்கே ஒரு குழு உருவாச்சு. தொழிற்சாலை வாழ்க்கையை இலக்கியமா எழுதுறதுதான் அவங்க நோக்கம். 'குழு 61'னு பேர். தொடங்கியவங்களில் ஒருத்தர் ஃபிரிட்ஸ் ஹ்யூசர், அந்த ஊர் நூலகத்தின் இயக்குநர். இன்னொருத்தர் மாக்ஸ் ஃபொன் டெர் க்ரூன், சுரங்கத் தொழிலாளி. 1963-ல் க்ரூன் எழுதிய நாவல், சுரங்கத்துக்குள்ள தொழிலாளி உயிர் எவ்வளவு மலிவுன்னு சொன்னது. அவருக்கு வேலை போச்சு. நாவல் நின்னுச்சு. ஒரு நூலகரும் ஒரு தொழிலாளியும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததில் வந்தது இது.

குந்தர் கிராஸையும் சொல்லணும். டான்சிக் என்ற துறைமுக நகரில் மளிகைக் கடை நடத்தியவங்க வீட்டுப் பையன். தன் சொந்த ஏரியாவின் தெரு, கடை, சர்ச், கடல் நாற்றம் எல்லாத்தையும் 1959-ல் 'தகர முரசு' நாவலில் எழுதினார். 1999-ல் நோபல் பரிசு. காசிமேட்டு மீன் ஏலமும், திருவொற்றியூர் தேரடியும், எண்ணூர் சாம்பல் குட்டையும் உலக இலக்கியத்துக்குள்ள போகக் கூடாதுன்னு யார் சொன்னது? பாக்கியம் சங்கர், கரன் கார்க்கி மாதிரியானவங்க ஏற்கெனவே இந்த மண்ணை எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க.

விபத்து நடந்த அன்னிக்கு டிவி கேமரா வரும், மறுநாள் போயிடும். அந்த ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு இருபது வருஷம் கழிச்சும் சொல்லப்போறது, இங்கிருந்து யாரோ எழுதுற கதைதான். அந்த யாரோ, ஒரு எழுத்தாளரையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாமா?

ரூம், அண்ணன், கிழமை

வடசென்னையிலிருந்து கேரம் விளையாடப் போன காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார். குத்துச்சண்டை, ஃபுட்பால், கேரம்... இதெல்லாம் இங்கே எப்படி வேர் பிடிச்சது? பெரிய ஸ்டேடியம் கட்டியதால் வரலை. ஒரு ரூம், சொல்லிக்கொடுக்க ஓர் அண்ணன், தவறாம கூடுற ஒரு நேரம். இந்த மூணும்தான்.

வாசிப்புக்கும் இதே ஃபார்முலா போதும். கிளை நூலகம் இருக்கு, யூனியன் ஆபீஸ் இருக்கு, சர்ச் ஹால் இருக்கு, மெட்ரோ ஸ்டேஷன் வளாகம் இருக்கு. விம்கோ நகரிலிருந்து ஏறினா வண்டி மாறாம ஆயிரம் விளக்கில் இறங்கலாம். அங்கிருந்து நுங்கம்பாக்கத்தில் இருக்கிற கெத்தே நிறுவனம் பக்கம்தான். நாம அங்கே போக முடியும்னா, அவங்க ஏற்பாடு பண்ற எழுத்தாளரும் அதே ரயிலில் இங்கே வர முடியும். கேட்டாதான் வருவாங்க.

மொழி புரியாதேன்னு கவலையா? இதுக்கு ஒரு வழி இருக்கு. எழுத்தாளர் ஜெர்மனில் ஐந்தே நிமிஷம் வாசிக்கட்டும், மொழியோட சத்தம் காதில் விழுறதுக்காக. அப்புறம் தமிழ் மொழிபெயர்ப்பை நம்ம ஆள் ஒருத்தர் இருபது நிமிஷம் வாசிக்கட்டும். மொழிபெயர்க்க ஆளே இல்லாத ஊர் கிடையாது இது. காஃப்காவின் 'விசாரணை'யை ஏ.வி.தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்தே நேரடியா தமிழுக்குக் கொண்டுவந்தார்; க்ரியா வெளியிட்டது. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வைத் திருலோக சீதாராம் எப்பவோ தமிழாக்கிட்டார்.

ஜெர்மன்காரர் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை, உங்க ஏரியா கிளை நூலகத்துக்குப் போய் நூலகரிடம் ஒரு மணி நேரம் கேளுங்க. பத்து பேர் போதும். நம்ம ஏரியா எழுத்தாளர் ஒருத்தரைக் கூப்பிடுங்க. பேச விடாதீங்க, வாசிக்க விடுங்க. ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு, கவரில் வெச்சு அவர்கிட்ட கொடுங்க. பொன்னாடை வேண்டாம்.

மறுபடி அடுத்த மாசம் அதே சனிக்கிழமை. அப்படி ஆறு மாசம் விடாம நடந்தா, வெளியூர்லேர்ந்து ஒரு நாவலாசிரியர் "உங்க துறைமுகம் பக்கம் எங்கே வாசிக்கலாம்?"னு கேட்கும்போது, சொல்றதுக்கு நம்மகிட்ட ஒரு முகவரி இருக்கும்.

உங்க ஏரியாவில் அந்த ரூம் எது?